ரொக்கெட் ரஞ்சியின் படத்திறப்பு

பெலிக்கன்ஸ் பேஸ்போல் கிளப்பின் புகழ் மண்டபம் என்றதும் பெரிய தூண்களையும் பளிங்குத் தரையையும் கற்பனை பண்ணிக்கொண்டு யாரும் புறப்பட்டுவிடக் கூடாது. சிட்னியில், பிளாக்டவுனுக்குப் பக்கத்தில், ஒரு மைதானத்தின் ஓரமாகத் தகரக் கூரை போட்ட கட்டடம் ஒன்று இருக்கிறது. அதற்குள் பியர் வைக்கிற குளிர்சாதனப் பெட்டிக்கும் பெண்கள் கழிப்பறைக்கும் நடுவில் ஒரு சுவர். அந்தச் சுவர்தான் மண்டபம். அமெரிக்காவில் பேஸ்போல் விளையாடியே கோடீஸ்வரர் ஆனவர்களுக்கு மாளிகையே கட்டி வைத்திருக்கலாம். இவர்கள் சனிக்கிழமை விளையாடிவிட்டுத் திங்கட்கிழமை இடுப்பைப் பிடித்துக்கொண்டு வேலைக்குப் போகிற சின்ன லீக் ஆட்கள். இவர்களுக்கு ஒரு சுவர் காணும்.

ஆனால் அந்தச் சுவரில் படமாக ஏறுவது லேசுப்பட்ட காரியம் என்று நினைக்காதீர்கள். வருசத்துக்கு ஒருவரைத்தான் ஏற்றுவார்கள். சில வருசம் அதுவும் இல்லை. "இந்த முறை தகுதியான ஆள் இல்லை" என்று கூட்டத்தில் எழும்பி நின்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, எல்லாரும் போய்ப் பியர் குடிப்பார்கள்.

அப்படிப்பட்ட சுவரில் இந்த வருசம் பென்டில் ஹில் இரஞ்சிதம் ஏறப் போகிறாள்.

இரஞ்சிதத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. ஆஸ்பத்திரி ஒன்றின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. கணவன் சிறிதரன் பஸ் ஓட்டுகிறான். யாழ்ப்பாணத்தில் படிக்கிற நாட்களில் அவள் பள்ளிக்கூட எல்லே அணியில் இருந்தவள். எல்லே தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: தடியால் பந்தை அடித்துவிட்டு மூலை மூலையாகச் சுற்றி ஓடி வர வேண்டும். ஓடுகிற ஆளின் மேல் எதிரணிக்காரர் பந்தால் எறிந்து பட்டுவிட்டால் ஆள் அவுட். பேஸ்போலுக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

சிட்னிக்கு வந்த 1999ஆம் ஆண்டிலேயே, மைதானத்தில் பெண்கள் மட்டையும் பந்துமாக நிற்பதைக் கண்டு, "அட, இது எங்கட எல்லே!" என்று இறங்கிவிட்டாள். பயிற்சி ஆட்டம்தான். பந்து கைக்கு வந்தது. ஒருத்தி முன்னால் ஓடிக்கொண்டிருந்தாள். இரஞ்சிதம் குறி பார்த்து அவளுடைய நடு முதுகில் ஒரு எறி எறிந்துவிட்டு, "அவுட்!" என்று இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு துள்ளினாள். பேஸ்போலில் அப்படி ஒரு சட்டமே கிடையாது. நடுவர் முகமூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தார். அடி வாங்கியவள் பெயர் டெபி. முதுகைத் தடவிக்கொண்டே எழும்பி வந்தவள், "இந்தக் கை எங்களுக்கு வேண்டும்" என்றாள். அன்றிலிருந்து கிளப்பில் அவளுக்கு ரொக்கெட் ரஞ்சி என்று பெயர். டெபி இன்றைக்குக் கிளப்பின் செயலாளர்.

அந்தச் சுவருக்கு ஒரு வழக்கம் உண்டு. ஏற்றப்போகிற படத்தைப் பச்சைத் துணியால் மூடி வைத்திருப்பார்கள். துணியை இழுக்கும் உரிமை கிளப் தலைவருக்கும் கிடையாது, நகரசபைக்காரருக்கும் கிடையாது. சுவரில் ஏறுகிறவருக்கு வாழ்க்கையில் முதல் பந்து போட்டவர் யாரோ, அவர்தான் வந்து இழுக்க வேண்டும். பெரும்பாலும் அப்பாக்கள் வருவார்கள். ஒருமுறை தொண்ணூறு வயதுக் கிழவர் ஒருவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மனுசன் இழுத்த இழுப்பில் துணியோடு படமும் சேர்ந்து கீழே வந்துவிட்டது.

"ரஞ்சி, உனக்கு முதல் பந்து போட்டது யார்?" என்று டெபி கேட்டாள்.

"என் அக்கா. மெல்பனில் இருக்கிறா."

"வருவாவா?"

"வருவா. கட்டாயம் வருவா."

வாய் சொல்லிவிட்டது. மூளை பின்னால் ஓடி வந்து சேர்வதற்குள் டெபி 'மிருணாளினி' என்ற பெயரை எழுத்துக் கூட்டிக் கேட்டு, அழைப்பிதழில் அடித்தும் விட்டாள்.

அழைப்பிதழைப் பார்த்த சிறிதரனுக்குத் தேத்தண்ணி புரைக்கேறியது. "உமக்கென்ன விசரே? உம்மட அக்காவோட கதைச்சு எட்டு வருசம்! அவ எங்க வரப்போறா?"

"அப்ப ஆரைச் சொல்லுறது? எனக்குப் பந்து போட்டது அவள்தானே. பொய் சொல்லச் சொல்லுறீங்களோ?"

"நானும் ஒருக்கால் உமக்குப் பந்து போட்டனான்தானே, பார்க்கில?"

"அது எனக்குப் போட்ட பந்தே? பக்கத்தில நிண்ட காரின்ர கண்ணாடிக்குப் போட்ட பந்து."

சிறிதரன் தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போனான். அந்தக் கண்ணாடிக் கதையைக் கிளறினால் அவனுக்குத்தான் நட்டம்.

இந்த எட்டு வருசக் கோபம் எப்படி வந்தது என்று சொல்லாவிட்டால் உங்களுக்குத் தலைவால் விளங்காது. அப்போது அக்கா குடும்பமும் பிளாக்டவுனில்தான் இருந்தது. அக்காவின் மகள் மயூரா பெரிய பிள்ளையாகி, மண்டபம் எடுத்துச் சாமத்திய வீடு வைத்தார்கள். சின்னம்மாக்காரி இரஞ்சிதம் ஆலத்தி எடுக்க வேண்டும். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது, மழை ஒன்று பெய்யும்வரைக்கும். மழையால் தள்ளிப்போன பெலிக்கன்ஸ் இறுதிப் போட்டி, வேறு நாளே கிடைக்காதது போல, சடங்கு நாளிலேயே வந்து விழுந்தது.

காலையில் ஆட்டம், மத்தியானம் சடங்கு, விளையாடிவிட்டுக் குளித்து உடுத்துப் போகலாம் என்று இரஞ்சிதம் கணக்குப் போட்டாள். அவள் மறந்த ஒன்று, பேஸ்போலுக்கு மணிக்கூடு கிடையாது என்பது. சமநிலையில் விட்டுவிட்டுப் போகிற பழக்கமும் கிடையாது. யாராவது வெல்லும்வரை இழுபடும். அன்றைக்கென்று இழுபட்டது. கடைசியில் இரஞ்சிதமே ஒரு அடி அடித்து வெற்றியை எடுத்துக் கொடுத்துவிட்டு, தோளில் தூக்கியவர்களின் தலையில் குட்டிக் கீழே இறங்கி, டெபியின் காருக்கு ஓடினாள். குளிப்பாவது உடுப்பாவது! விளையாட்டு உடுப்புக்கு மேலேயே காஞ்சிபுரத்தைச் சுற்றினாள். ஓடுகிற காரில் சேலை கட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தச் சங்கடம் தெரியும்.

மண்டப வாசலில் சப்பாத்தைக் கழற்றினாள், நல்ல பழக்கம். ஆனால் காலுறை முழுக்க மைதானத்துச் செம்மண். வெள்ளை விரிப்பில் வாசலிலிருந்து மேடை வரைக்கும் சிவப்புச் சிவப்பாகக் காலடி. வீடியோக்காரன் அந்தக் காலடிகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே பின்னால் வந்தான். ஆலத்தித் தட்டைத் தூக்கியபோது சேலை விலகி, கோடு போட்ட காற்சட்டையும் தெரிந்தது, கையில் வியர்வைப் பட்டியும் தெரிந்தது. சபை முழுக்க வாயில் கை வைத்தது. அக்கா கிட்ட வந்து, கமராவைப் பார்த்துச் சிரித்தபடியே தங்கச்சியின் சேலையை இழுத்து மூடிவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "இண்டைக்கு நீ செத்தாய்."

அதோடு நின்றிருந்தால் அக்கா தங்கச்சிச் சண்டை ஒரு கிழமையில் ஆறியிருக்கும். ஆனால் சனம் சும்மா இருக்குமா? கோயிலில், கடையில், ரயிலில் எல்லாம் இதே கதை. அக்காவுக்குத் தலை நிமிர்த்த முடியவில்லை. அல்பம் வந்ததென்று பார்க்கப் போன இரஞ்சிதம், ஆலத்திப் படத்தைப் பார்த்துத் திகைத்துப் போனாள். அக்கா கத்தரிக்கோலை எடுத்து அவளை வெட்டிவிட்டிருந்தாள். தட்டைப் பிடித்திருந்த கையை மட்டும் வெட்ட முடியவில்லை. அதை வெட்டினால் தட்டும் போய்விடும். ஆகவே உடம்பில்லாத ஒரு கை, வியர்வைப் பட்டியோடு, மயூராவுக்கு ஆலத்தி காட்டிக்கொண்டிருந்தது.

"உனக்கு நாங்கள் பெரிசோ, அந்தப் பந்து பெரிசோ?" என்று அக்கா கேட்டாள்.

"அந்தப் பந்து என்னை இப்பிடி வெட்டி எறியாது" என்று சொல்லிவிட்டு இரஞ்சிதம் எழும்பி வந்தாள். அவ்வளவுதான். பிறகு அத்தானுக்கு வேலை மாறி அவர்கள் மெல்பன் போய்விட்டார்கள். முதலில் அவள் கதைக்கட்டும் என்று இவளும், இவள் கதைக்கட்டும் என்று அவளும் எட்டு வருசத்தை ஓட்டிவிட்டார்கள்.

விழாவுக்கு முதல் நாள் வெள்ளிக்கிழமை. டெபி நல்ல மனதோடு ஒரு வேலை செய்தாள். கிளப்பின் முகநூல் பக்கத்தில் அறிவித்தல் ஒன்று போட்டாள். இரஞ்சிதம் இளமையாக இருந்த பழைய படம். நிறம் மங்கிப் போயிருந்ததால் கறுப்பு வெள்ளையாக்கி, அழகுக்கு ஓரத்தில் இரண்டு வெள்ளைப் பூவும் வைத்தாள். கீழே ஆங்கிலத்தில்: 'இரஞ்சிதம் சிறிதரன். 1999 – 2023. என்றென்றும் எங்கள் பெலிக்கன். சனி மாலை நாலு மணிக்கு அவரைக் கௌரவிக்க எல்லோரும் வாருங்கள்.' அவள் விளையாடத் தொடங்கிய வருசமும் விட்ட வருசமும்தான் அவை.

வேறு எந்தச் சனம் பார்த்திருந்தாலும் இதை விளையாட்டுச் செய்தி என்றுதான் எடுத்திருக்கும். நாங்கள் அப்படியா? காலையில் தேத்தண்ணியோடு மரண அறிவித்தல் பார்க்காவிட்டால் பொழுது விடியாத ஆட்கள் எல்லோ நாங்கள்! ஒரு படம். கீழே பெயர். அதற்குக் கீழே இரண்டு வருசம், நடுவில் ஒரு கோடு. இதற்கு மேல் என்ன வேண்டும்?

பிரசன்னா என்று ஒருவன் பென்டில் ஹில்லில் இருக்கிறான். வட்ஸ்அப் குழுவில் சாவுச் செய்தி போடுவது அவன் தன்மேல் தானே ஏற்றிக்கொண்ட பொறுப்பு. செத்தவருக்கே தெரிவதற்கு முன்னம் பிரசன்னாவுக்குத் தெரிந்துவிடும் என்று சொல்வார்கள். அவன் கண்ணில் இது பட்டது. 'ஆழ்ந்த இரங்கல்' என்று எழுதிக் கும்பிட்ட கைகள் மூன்றும் போட்டு அனுப்பினான். கண்ணை மூடித் திறப்பதற்குள் ரொறன்ரோ, லண்டன், பாரிஸ் என்று செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது.

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் செந்தில்நாதன் அங்கிள் மட்டும், "கணக்கு இடிக்குதே! இருபத்திநாலு வயசிலயே செத்துப்போனாவோ? மகனுக்கே இருபத்திரண்டு எல்லோ?" என்று கேட்டார்.

"இந்த நேரத்திலயும் கணக்கோ அங்கிள்? ஓம் சாந்தி" என்று அவர் வாயை அடைத்துவிட்டார்கள்.

அந்த நேரம் செத்துப்போனவள் வீட்டில் தலைக்கு மை பூசிக்கொண்டிருந்தாள். விழாவுக்குப் போக வேண்டாமா! தலையில் கறுப்பு மை, அதற்கு மேல் பிளாஸ்டிக் பை, முகத்தில் கடலைமாப் பூச்சு. வாசல் மணி அடித்தது. மூன்றாம் வீட்டுப் பார்கவி நின்றாள். சென்னைக்காரி. ஒரு கையில் ரசம் சாதம், மறு கையில் காப்பி பிளாஸ்க், கண் நிறையக் கண்ணீர். கதவைத் திறந்த உருவத்தைக் கண்டு, "அய்யோ முருகா!" என்று பிளாஸ்கைக் கீழே போட்டாள்.

"என்ன பார்கவி, பேயைக் கண்டது போல?"

"ரஞ்சிதம் அக்கா... நீங்க... நீங்க இருக்கீங்களா?"

"இருக்காமல் எங்க போறது? உள்ள வாங்கோ."

செத்த வீட்டில் அடுப்பு எரியக்கூடாது என்பதால் அயலவர்தான் சாப்பாடு கொண்டு வர வேண்டும். வந்தது பாருங்கள் சாப்பாடு! இடியப்பம் ஒரு பெட்டி, சொதி ஒரு வாளி, மரக்கறிக் கறி அண்டாவோடு. ஒருவர் கோயிலில் இருந்து பிளாஸ்டிக் கதிரைகளே கொண்டுவந்து இறக்கினார். சிறிதரன் வேலை முடிந்து பஸ் சாரதி உடுப்போடு வந்தபோது, வாசலிலேயே ஆட்கள் அவனைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். கலியாணத்துக்குப் பிறகு இத்தனை பேர் அவனைக் கட்டிப்பிடித்தது இதுதான் முதல் தடவை. முதலில் பதறியவன், விசயம் விளங்கிய பிறகும் ஒன்றிரண்டு பேரைத் தடுக்கவில்லை என்று பார்கவி பிறகு எல்லோருக்கும் சொன்னாள்.

உள்ளே போனவர்கள் இரஞ்சிதத்தைத் தொட்டுப் பார்த்தார்கள். கிள்ளிப் பார்த்தார்கள். பிறகு சிரித்துச் சிரித்து வயிறு நொந்து, கொண்டுவந்த சாப்பாட்டை அங்கேயே இருந்து சாப்பிட்டார்கள். பிரசன்னா கேற்றுக்கு வெளியே நின்றபடி, "அன்ரி, மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று நூறுமுறை சொன்னான். "பரவாயில்லையடா, உண்மையா நான் செத்தா இவ்வளவு சாப்பாடு வருமோ எண்டு இப்பவே பார்த்திட்டன், உள்ள வந்து நீயும் சாப்பிடு" என்றாள் இரஞ்சிதம்.

ரெலிபோன் ஓயவில்லை. வருசக் கணக்கில் கதைக்காதவர்கள் எல்லாம் எடுத்தார்கள். ஒவ்வொரு முறை மணி அடிக்கும்போதும் இரஞ்சிதம் ஓடிப்போய் இலக்கத்தைப் பார்த்தாள். ரொறன்ரோ மச்சாள். பாரிஸ் சித்தப்பா. பழைய வீட்டுக்காரி. மெல்பன் இலக்கம் மட்டும் இல்லை.

எல்லாரும் போன பிறகு குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றவள், திடீரென்று தண்ணிக் குழாயைப் பூட்டினாள்.

"என்னப்பா, நான் செத்தும் அவள் ஒரு போன் எடுக்கேல்லை."

சொல்லிவிட்டு விம்மி விம்மி அழுதாள். செய்தி கேட்டுப் பதறியாவது அக்கா எடுப்பாள் என்று பின்னேரம் முழுக்க அவள் உள்ளுக்குள் காத்திருந்தாள், பாவம். எட்டு வருசமாகப் பிடித்து வைத்திருந்த வீம்பு முழுக்க அந்தப் பாத்திரத் தொட்டிக்குள் போனது.

சிறிதரன் துவாயை எடுத்து அவள் கையில் கொடுத்தான். "லைன் கிடைச்சிருக்காது. இஞ்ச ஒரே பிசி எல்லோ. நான் ஒருக்கா எடுக்கட்டே?" என்றான்.

"எடுத்து? நான் சாகேல்லை எண்டு நாங்களே சொல்லுறதோ? எனக்கொரு மானம் மரியாதை இல்லையே? பேசாமல் படுங்கோ. நாளைக்கு டெபியே துணியை இழுக்கட்டும்."

சனிக்கிழமை பின்னேரம் பெலிக்கன்ஸ் கட்டடம் தன் ஆயுளில் காணாத கூட்டத்தைக் கண்டது. வழக்கமாக நாற்பது பேர் வருவார்கள். இன்று சாவு வீட்டுக்கு விடுப்பு எடுத்தவர்கள் எல்லாம், எடுத்த விடுப்பை வீணாக்குவானேன் என்று இங்கே வந்துவிட்டார்கள். மிஞ்சிய சாப்பாடும் வந்தது. வெள்ளைக்காரப் பெலிக்கன்கள் இடியப்பத்தை முள்ளுக்கரண்டியால் தூக்கிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். செந்தில்நாதன் அங்கிள் தன் கணக்குச் சரியாக வந்த பெருமையில் ஒவ்வொருவராகப் பிடித்து விளக்கிக்கொண்டிருந்தார்.

டெபி பேசினாள். முதுகில் வாங்கிய எறியைப் பற்றிச் சொன்னாள். சனம் சிரித்தது. பிறகு கையிலிருந்த அழைப்பிதழைப் பார்த்து, "ரஞ்சிக்கு முதல் பந்து போட்டவர், அவருடைய அக்கா மிருணாளினி, இப்போது படத்தைத் திறந்து வைப்பார்" என்றாள்.

யாரும் எழும்பவில்லை. கூட்டம் திரும்பித் திரும்பிப் பார்த்தது. பச்சைத் துணி சுவரில் சும்மா தொங்கியது. இரஞ்சிதம் எழும்பி நின்றாள். அக்காவுக்குச் சுகமில்லை, அதுதான் வரவில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

வாசலில் சக்கரப் பெட்டி ஒன்று படியில் இடித்துக் கடகடத்தது.

வெள்ளைச் சேலை. ஒரு கையில் பயணப் பெட்டி, மற்றக் கையில் மாலை வைத்த பொலித்தீன் பை. அக்காவேதான். தலைமயிர் முன்னைவிட நரைத்திருந்தது. மற்றபடி அதே நடை, அதே முறைப்பு.

பார்கவிதான் பாய்ந்து ஓடினாள். "அக்கா, பதறாதீங்க! அவங்களுக்கு ஒண்ணும் ஆகல! உயிரோட தான் இருக்காங்க!"

"தெரியும், விடுங்கோ" என்று அக்கா அவளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். இரஞ்சிதத்துக்கு முன்னால் வந்து நின்று, காலிலிருந்து தலைவரை ஒருமுறை பார்த்தாள். "மெல்பனில பிளேன் ஏற முந்தியே மயூரா அந்த இங்கிலீசை ஒழுங்கா வாசிச்சுச் சொல்லிப்போட்டாள். நீ சாகேல்லையாம், உன்ர படத்தை ஏதோ சுவரில ஏத்தப்போகினமாம்."

இரஞ்சிதம் ஒரு அடி முன்னுக்கு வந்தாள். "அப்ப... தெரிஞ்சும் ஏன் வந்தனீ?"

"டிக்கெட் காசு திருப்பித் தரமாட்டினமாம்."

"வெள்ளைச் சேலை?"

"ஏர்போட்டில நிண்டு சேலை மாத்தச் சொல்லுறியோ? காருக்குள்ள மாத்திறதுக்கு நான் என்ன, நீயோ?"

"மாலை?"

"ராத்திரியே பென்டில் ஹில் கடைக்கு ஓடர் குடுத்திட்டன். அவனும் திருப்பி எடுக்கமாட்டானாம்."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அக்காவின் வாய் கோணியது. அடுத்த நிமிசம் தங்கச்சியின் முதுகில் பளார் என்று ஒரு அடி. "சனியனே! ஒரு ராத்திரி முழுக்க என்னைச் சாகடிச்சுப்போட்டாய்! போன் எடுக்கக்கூடக் கை வரேல்லையடி எனக்கு. எடுத்தா உன்ர மனுசன் 'ஓம்' எண்டு சொல்லிப்போடுவார் எண்ட பயம்!"

அடித்த கையாலேயே இழுத்துக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதார்கள். டெபியும் எதற்கென்று தெரியாமலே சேர்ந்து அழுதாள். பிரசன்னா இதை நேரலையாக உலகம் முழுக்க அனுப்பிக்கொண்டிருந்தான். இந்த முறை அவன் எழுதியது, 'உயிருடன் உள்ளார்.'

மாலையை அக்கா தங்கச்சியின் கழுத்தில் போட்டாள். பிறகு மூக்கை உறிஞ்சிவிட்டு, "எங்க அந்தத் துணி?" என்று கேட்டாள். டெபி காட்டினாள். அக்கா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு போய், ஒரே இழுவை இழுத்தாள்.

இரஞ்சிதம் கழுத்து மாலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

முகநூலில் போட்ட பழைய படம்தான் சுவரிலும் இருக்கும் என்று அவள் நினைத்திருந்தாள். டெபி அவளுக்கு ஒரு ஆச்சரியம் கொடுக்க எண்ணி, சாமத்திய வீட்டன்று அவளைக் காரில் கூட்டிக்கொண்டு போய், மேடைக்குக் கீழே நின்று தன் ரெலிபோனில் எடுத்த படத்தைப் பெரிதாக்கியிருந்தாள். விளையாட்டு உடுப்புக்கு மேலே காஞ்சிபுரம். செம்மண் காலுறை. கையில் ஆலத்தித் தட்டு. உலகத்தையே வென்றுவிட்ட சிரிப்பு. இறுதிப் போட்டியில் வென்று ஒரு மணித்தியாலம்கூட ஆகாத முகம் அது. எட்டு வருசச் சண்டைக்குக் காரணமான காட்சி, கண்ணாடிச் சட்டத்துக்குள், விளக்கு வெளிச்சத்தில்.

அக்கா கையில் துணியோடு அசையாமல் நின்றாள். கூட்டத்தில் கதை தெரிந்த பாதிப்பேர் வாயில் கை வைத்தார்கள், அன்றைக்குப் போலவே.

அக்கா கைப்பையைத் திறந்து மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டாள். படத்துக்குக் கிட்டப் போனாள். இன்னும் கிட்டப் போனாள். படத்தின் இடது ஓரத்தில், இரஞ்சிதத்தின் சேலையைப் பிடித்து இழுத்தபடி, உடம்பில்லாத ஒரு கை தெரிந்தது. நெளி வேலை செய்த இரண்டு காப்பு. அக்கா தன் கையைத் தூக்கிப் படத்துக்குப் பக்கத்தில் பிடித்தாள். அதே காப்பு.

"இது என்ர கை" என்றாள். பிறகு திரும்பி, கண்ணாடிக்கு மேலால் டெபியை முறைத்து ஆங்கிலத்தில் கேட்டாள்: "என்னை யார் வெட்டியது?"

சுவரில் ஏறுகிறவர் மட்டும்தான் படத்தில் இருக்கலாம் என்பது கிளப்பின் விதி, அதனால் ஓரத்தை வெட்டவேண்டி வந்தது என்று டெபி தட்டுத் தடுமாறிச் சொன்னாள்.

"எட்டு வருசத்துக்கு முந்தி நீ என்னை வெட்டினனீ" என்று இரஞ்சிதம் மெதுவாகச் சொன்னாள். குரலில் கோபம் இல்லை. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "வெட்டி எறிஞ்சனீ."

அக்கா கைப்பையின் உள் அறையைத் திறந்து ஒரு துண்டை எடுத்தாள். கத்தரிக்கோலால் வெட்டிய அல்பப் படத்தின் துண்டு. அதில் இரஞ்சிதம் நின்றாள், சிரித்துக்கொண்டு, ஒரு கை இல்லாமல்.

"நேற்று அந்தச் செய்தி கேட்டவுடன மாலை போட உன்ர படம் ஒண்டு தேடினன். வீடு முழுக்கத் தேடினன். இது ஒண்டுதான் கிடந்தது, என்ர அலுமாரிக்குள்ள." அக்கா துண்டைத் தங்கச்சியின் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். "வெட்டினனான்தான். எறியேல்லையடி."

இரஞ்சிதம் அந்தத் துண்டைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே நின்றாள். சிறிதரன் பின்னால் நின்று மூக்கைச் சிந்தியது மைதானம் வரைக்கும் கேட்டிருக்கும்.

முதலில் தன்னைத் தேற்றிக்கொண்டதும் அக்காதான். துணியை மடித்து டெபியின் கையில் கொடுத்து, "இந்தப் படத்தைக் கழட்டு. முழுப் படத்தையும் போடு. பந்து போட்டது நான். நான் போடாட்டி இவள் எதை அடிக்கிறது?" என்று பாதி ஆங்கிலமும் பாதித் தமிழுமாகச் சொல்லிவிட்டு, "சரி, எங்க சாப்பாடு? காலையில இருந்து பச்சைத் தண்ணி குடிக்கேல்லை" என்று இடியப்பம் இருந்த பக்கம் போனாள்.

விதியை மாற்றக் கிளப்பின் பெரியவர்கள் அங்கேயே, இடியப்பத் தட்டுகளோடு நின்றபடி கூட்டம் போட்டார்கள். யாரும் எதிர்த்துக் கை தூக்கவில்லை. எதிர்க்க நினைத்தவர்கள் அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் சொதியை ஊற்றிக்கொண்டார்கள்.

புதுப் படம் அகலமாகிவிட்டதால் பியர்ப் பெட்டியைக் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டியதாயிற்று. இப்போது நீங்கள் அங்கே போனால், சுவரில் உள்ள எல்லாப் படத்திலும் ஒவ்வொருவர்தான் நிற்பார்கள். ஒன்றில் மட்டும் இரண்டு பேர். ஒருத்தி ஆலத்தித் தட்டோடு பல் முழுக்கத் தெரியச் சிரிக்கிறாள். மற்றவள் பல்லைக் கடித்துக்கொண்டு, தங்கச்சியின் சேலையை இழுத்து மூடிக்கொண்டிருக்கிறாள்.